வலப்பக்கப் பை

அப்பாவின் இரும்புப் பெட்டியைத் திறக்க எங்களுக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. சாவி இருந்த இடம் தெரியும், கைதான் எழவில்லை. 2023இல் அவர் மறைந்தார். முதலாண்டுத் திதியும் முடிந்து, வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது பெட்டியை நகர்த்தியே ஆகவேண்டும் என்றாயிற்று. உள்ளே பற்றுவரவு நோட்டுகள் நான்கும், சருகாகிப்போன வேப்பிலைகளும், அவற்றுக்கடியில் மல்துணியில் பொதிந்த ஒரு கோட்டும் இருந்தன.

அண்ணன் தம்பி இருவரும் அந்தக் கோட்டை நேரில் பார்த்ததைவிடப் புகைப்படத்தில் பார்த்ததே அதிகம். 1967இல் எடுத்த மார்பளவுப் படம் இன்றும் கூடத்துச் சுவரில் இருக்கிறது. கருநீலத் துணியில் செங்காவிக் கோடுகள் உள்ளங்கை அகலத்துக்குக் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாவிட்டாலும் கட்டங்கள் கண்ணில் அறையும். முன்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படியும் டபுள் பிரெஸ்ட் தையல், ஆறு பொத்தான்கள், தோளை எட்டித் தொடும் அகன்ற காலர் மடிப்பு, உள்ளே பஞ்சுப் பட்டை வைத்து உயர்த்திய தோள். அதற்குள்ளிருந்து எங்கள் அப்பா சிரிக்காமல் பார்ப்பார்.

படத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கோட்டின் மார்புப் பை வலப்பக்கம் இருந்தது. ஸ்டுடியோக்காரர் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்துவிட்டார் என்று சிறுவயதிலேயே நாங்கள் தீர்ப்பு எழுதிவிட்டோம். அப்பாவின் தலைவகிட்டைக் கவனித்திருந்தால் தீர்ப்பு தவறு என்று அன்றே புரிந்திருக்கும். கவனிக்கவில்லை.

அப்பா ஜவுளிக் கமிஷன் வியாபாரி. விளக்குத்தூண் அருகே ஒரு மாடியறைதான் அவருடைய கடை. பம்பாயிலிருந்து வரும் மில் துணியை மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, அருப்புக்கோட்டைக் கடைகளுக்குப் பேசி முடித்துக் கொடுப்பார். அந்த ஊர்களுக்கெல்லாம் எட்டு முழ வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகவே போவார். புஞ்சைக்காட்டுப் புழுதியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும் மனிதருக்கு அதுவே பொருந்தும். ஆண்டுக்கு இருமுறை பம்பாய்க்கும், எப்போதாவது வங்கி மேலாளரைப் பார்க்கவும் போகும்போதுதான் கோட்டு வெளியே வரும். ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, “கடன் கேட்கப் போகிறவன் கடன் வேண்டாதவன் மாதிரிப் போகணும்டா” என்றார். அவரிடமிருந்து நாங்கள் பெற்ற வணிகப் பாடம் அநேகமாக அது ஒன்றுதான்.

பெட்டியைத் திறந்த அன்றே எங்களுக்குள் வழக்கு தொடங்கியது. ஆவணி மாதம் இளையவர் வீட்டுத் திருமணம். வரவேற்பில் ஆண்கள் கோட்டு அணிவது என்று பிள்ளை வீட்டாரோடு பேசி முடிவாகியிருந்தது. அப்பாவின் கோட்டைத் தம் உடம்புக்கும் இந்தக் காலத்துக்கும் ஏற்றபடி மாற்றி அணிந்துகொள்வதாக இளையவர் சொன்னார். மூத்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “தமுக்கத்தில் காந்தி மியூசியத்தில் அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். யாராவது கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அதன்கிட்டே போவார்களா?” என்றார். “அப்பா காந்தியா?” என்றார் இளையவர். நான்கு நாட்கள் பேச்சு இல்லை. ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர் ஒரு பழந்துணிக்காகப் பேசாமல் இருப்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேடிக்கையாக இருக்கலாம். எங்களுக்கு அது துணியைப் பற்றிய பேச்சாக இல்லை. மாற்றிவிட்டால் அப்பா போய்விடுவார் என்று ஒருவர் அஞ்சினார். மாற்றாவிட்டால் அவர் பெட்டிக்குள்ளேயே கிடப்பார் என்று மற்றவர் அஞ்சினார்.

ஐந்தாம் நாள், தையற்காரரிடம் காட்டிவிட்டாவது சண்டையிடுவோம் என்று இருவரும் கிளம்பினோம். மதுரைக்காரர்களுக்குத் தையல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது புதுமண்டபம். திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அந்த மண்டபத்தில், சிற்பத் தூண்களுக்கிடையே வரிசையாகத் தையல் எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்த காலம் எங்கள் இளமைக்காலம். துணியை வாங்கி அங்கே கொடுத்துவிட்டு அம்மன் சன்னதிக்குப் போய்த் திரும்பினால் சட்டை தயாராக இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் கடைகள் யாவும் குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிவிட்டன. அங்கே தேடிப்போனோம். சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு நேர்ந்துகொள்பவர்கள் அணியும் பளபளப்பான உடைகளைத் தைத்துப் பழகிய ஒருவர் கோட்டை விரித்துப் பார்த்து, “அண்ணே, இது எங்க கை இல்ல. கோட்டு மாஸ்டர் ஒருத்தர் மேலமாசி வீதிப் பக்கம் சந்துல இருக்காரு. அவரும் கடைய மூடுறதுக்குள்ள போயிருங்க” என்றார்.

மேலமாசி வீதியில் காதி விற்பனை நிலையமாக இருக்கும் அந்த வீட்டைக் கடந்துதான் போகவேண்டும். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அந்த வீட்டு மாடியில்தான் சட்டையையும் நீண்ட வேட்டியையும் துறந்து, அரைத்துணியோடு வெளியே வந்தார். லண்டனில் சட்டம் படித்த நாட்களில் பாண்டு தெருவில் பத்துப் பவுன் கொடுத்து மாலை விருந்து உடை தைத்துக்கொண்டதாக அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த மனிதர் தம் உடையை இறுதியாக முடிவு செய்த ஊர் இது. மூத்தவர் அந்த வாசலில் ஒரு கணம் நின்றார். “இவர் பழையதை வைத்துப் பூட்டிக்கொள்ளவில்லையே” என்று இளையவர் மெல்லச் சொன்னார். மூத்தவர் பதில் சொல்லவில்லை. ஆனால் நான்கு நாட்களுக்குப் பிறகு எங்களுக்குள் நிகழ்ந்த முதல் உரையாடல் அதுதான்.

மாஸ்டருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். கோட்டைக் கையில் வாங்கியதும் அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. காலர் மடிப்பைப் புரட்டினார். துணியை நகத்தால் ஒருமுறை கீறினார். பொத்தானைக் கழற்றி, மேல் படியும் இடப்பக்கத்தைத் தூக்கி, அதற்கடியில் மறைந்திருக்கும் வலப்பக்க ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு, “இத வெட்டணுமா, வேணாமான்னு சண்ட போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க. சரியா தம்பி?” என்றார். பழைய கோட்டோடு வருகிற எல்லோரும் அப்படித்தான் வருவார்களாம்.

பிறகு அவர் சொன்னதை எங்கள் மொழியில் சொல்ல முயல்கிறோம். கோட்டு என்பது தோளில் தொங்கும் பொருள். இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம். தோளை வெட்டினால் கோட்டே போயிற்று. ஆகவே பழைய கோட்டைப் புதுக்குவதில் முதல் விதி, தோளெலும்பின் முனையும் தையலின் முனையும் சேருகின்றனவா என்று பார்ப்பது. சேர்ந்தால் தொடலாம், சேராவிட்டால் பெட்டியில் வைத்துவிடலாம். இளையவருக்கு அப்பாவின் தோள். சேர்ந்தது. இரண்டாவது, நீளத்தில் கைவைக்கக் கூடாது. கீழே இரண்டு அங்குலம் குறைத்தால் பைகள் தரையை நோக்கி இறங்கிவிட்டதுபோல் தோன்றும். மூன்றாவது, கட்டம் போட்ட துணியில் காலர் மடிப்பைக் குறுக்குவது பாவம். மடிப்பின் கட்டமும் மார்பின் கட்டமும் ஒரே கோட்டில் ஓடும்படி முதலில் வெட்டியவர் பாடுபட்டிருக்கிறார். அதைக் குறுக்கினால் கோடுகள் அறுந்துபோகும்.

“அப்படியானால் மாற்ற என்னதான் இருக்கிறது?” என்று இளையவர் கேட்டார்.

“உள்ளுக்குள்ள இருக்கு” என்றார் மாஸ்டர். தோள் பஞ்சில் முக்கால் பங்கை எடுத்துவிடலாம். பழைய அதிகாரத் தோரணை இறங்கி, மனிதரின் சொந்தத் தோள் தெரியும். முழு லைனிங்கைப் பிரித்துவிட்டு முதுகில் பாதிக்கு மட்டும் வைக்கலாம். மதுரை வெயிலில் அந்தப் பாதிதான் மனிதரைப் பிழைக்க விடும். பக்கவாட்டுத் தையலில் இடுப்பைச் சற்றே பிடிக்கலாம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மீதி, உடன் அணிவதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் இதே துணியில் கால்சட்டையும் தைத்துக் கழுத்தில் டையும் கட்டுவார்கள். இன்று கோட்டு உரக்கப் பேசினால் மற்றவை வாய் திறக்கக் கூடாது. சாம்பல் நிறத்தில் கோடில்லாத கால்சட்டை, வெள்ளைச் சட்டை, டை வேண்டாம். “இல்லேன்னா வேட்டியே கட்டுங்க. பழைய வக்கீல்மாரெல்லாம் வேட்டி மேலதான் கோட்டு போட்டாங்க” என்றார்.

அகன்ற கோட்டுக்கு உலகில் எத்தனை சோதனைகள் வந்தன என்பதைப் பின்னர் நாங்கள் தேடிப் படித்தோம். போர்க்காலத் துணிப் பஞ்சத்தில், 1942இல் பிரிட்டன் டபுள் பிரெஸ்ட் கோட்டையும் கால்சட்டையின் கீழ் மடிப்பையும் தடைசெய்தது. 1943 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், அகலத் தோளும் தொளதொளத்த கால்சட்டையுமாகத் திரிந்த மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களைக் கடற்படையினர் தெருவில் துரத்தி அடித்து, அந்த உடைகளை உரித்தெறிந்தனர். ஒரு முழம் துணி கூடுதலாக உடுத்துவது சிலருக்குப் பெருமிதம், சிலருக்குக் குற்றம். கட்டத்தின் கதை இன்னும் சுவையானது. 1950களிலும் 60களிலும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் கோடைக்காலக் கோட்டாக விரும்பி அணிந்தது நம் தறிகளில் நெய்த மதராஸ் கட்டத் துணியைத்தான். சலவையில் சாயம் ஒழுகிக் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அந்தக் குறையையே அதன் அழகு என்று சொல்லி விற்றார்கள்.

நம் ஊர் விலகிப் போனதும் அதே துணிவழியில்தான். 1892இல் ஹார்வி சகோதரர்கள் இங்கே தொடங்கிய மதுரா மில் பின்னர் மதுரா கோட்ஸ் ஆயிற்று. அதன் ஆயத்த ஆடைப் பிரிவிலிருந்துதான் லூயி பிலிப் 1989இலும், வான் ஹூசன் 1990இலும், ஆலன் சாலி 1993இலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. இந்திய அலுவலக ஆணின் நவீன உடைக்கு மதுரையின் பெயர் முதலெழுத்தாக இருந்தது என்பது எங்களுக்கு இன்றும் வியப்பு. அந்த ஆயத்தச் சட்டைகள் வந்த பிறகுதான் எங்கள் தெருவின் அளவு நோட்டுகள் ஒவ்வொன்றாக மூடின என்பதும் மறக்கக்கூடியதல்ல. மாஸ்டரிடம் இதைச் சொன்னபோது, “ஆமா தம்பி, நல்ல சட்டதான்” என்று மட்டும் சொன்னார்.

ஆனால் அன்று அவர் எங்களுக்குச் சொன்ன முக்கியமான செய்தி வேறு. லைனிங்கின் ஒரு ஓரத்தைப் பிரித்து உள்பக்கத்தைக் காட்டினார். வெளியே கருநீலமாக இருந்த துணி உள்ளே வெளிறிச் சாம்பல் படர்ந்து, முழங்கைப் பகுதியில் நூல் தேய்ந்து பளபளத்தது.

“வெயில் படாத உள்பக்கம் எப்படித் தம்பி வெளிறும்?” என்று கேட்டார்.

எங்களுக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். வெளிறிய பக்கம்தான் ஒரு காலத்தில் வெளிப்பக்கம். யாரோ அதைப் பல ஆண்டுகள் அணிந்து தேய்த்திருக்கிறார்கள். பிறகு ஒரு தையற்காரர் கோட்டு முழுவதையும் தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் உள்வெளியாகப் புரட்டி மறுபடி தைத்திருக்கிறார். சாயமேற்றிய நூலில் நெய்த கட்டத்துக்கு இரண்டு முகமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அச்சிட்ட துணியில் இது நடக்காது. புரட்டும்போது இடம் வலமாகும், வலம் இடமாகும். பழைய காஜாக்கள் வலப்பக்கத்துக்குப் போய்விடும். அவற்றை நூலிழை ஓட்டி அடைத்திருந்தார்கள். டபுள் பிரெஸ்ட் என்பதால் அந்த வடுக்கள் மேல்மடிப்புக்கடியில் மறைந்துகொண்டன. மறைக்க முடியாத ஒன்று மார்புப் பை. அது வலப்பக்கம் போனது, போனதுதான்.

ஸ்டுடியோக்காரர் மேல் எந்தத் தவறும் இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டோம். எண்பதைக் கடந்த அம்மா வெற்றிலையைக் கிள்ளியபடியே, “உங்களுக்குத் தெரியாதா? அது முதலாளி கோட்டுல்ல” என்றார். அப்பா அதற்கு முன் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தது எங்களுக்குத் தெரியும். விலகித் தனியே தொழில் தொடங்கப் போகிறேன் என்று 1967இல் சொன்னபோது, முதலாளி கோபிக்கவில்லையாம். தாம் ரங்கூனில் வியாபாரம் செய்த நாளில் தைத்துக்கொண்ட கோட்டை எடுத்துக் கொடுத்து, “பம்பாய்க்காரன் முதல்ல துணியத்தான் பார்ப்பான்” என்றாராம். தேய்ந்துபோன கோட்டு. புதிது தைக்கப் பணம் இல்லை. திருப்பித் தைக்க ஆன கூலியை இரண்டு தவணையாகக் கொடுத்தாராம் அப்பா. “முதல் பம்பாய்ப் பயணத்துல அந்தக் கோட்ட நம்பித்தான் சரக்கு கடனாக் கொடுத்தாங்க. அதுலதான் நீங்க படிச்சீங்க” என்று அம்மா முடித்தார்.

நாங்கள் இருவரும் வெகுநேரம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். சுவரில் இருந்த அந்தக் கம்பீரமான மனிதர் அன்று முப்பத்தொரு வயதுக்காரர், கையில் காசில்லாதவர், இன்னொருவர் தேய்த்த துணியின் மறுபக்கத்தை அணிந்துகொண்டு, வலப்பக்கப் பையை எவரும் கவனித்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமரா முன் உட்கார்ந்திருந்தவர். அவர் சிரிக்காததன் காரணம் இப்போது வேறாகத் தெரிந்தது. மூத்தவர் எதை மாற்றாமல் காக்க நினைத்தாரோ அது ஏற்கெனவே முழுக்கப் பிரித்து மாற்றப்பட்டது. இளையவர் எதைத் தம் புதிய யோசனை என்று நினைத்தாரோ அதை அப்பா முன்பே செய்துவிட்டார். வழக்கில் இருவருமே தோற்றோம்.

மறுநாள் மூத்தவர்தான் முதலில் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். மாஸ்டரிடம் கோட்டைக் கொடுத்து, “செய்யுங்கள்” என்றார். பிறகு தயங்கி, இன்னொரு தடவை திருப்பித் தைக்க முடியுமா என்றும் கேட்டார். மாஸ்டர் சிரித்தார். “துணிக்கு ரெண்டு மொகந்தான் தம்பி. ரெண்டையும் போட்டாச்சு. இனி இருக்கிறதப் பதனமா வச்சுக்க வேண்டியதுதான்.”

மார்புப் பையை அடைத்து, துணி ஒட்டி, இடப்பக்கத்துக்கு மாற்றவும் வழி உண்டு என்றார். வேண்டாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். வேறொரு செய்தியையும் அவர் காட்டினார். பக்கத் தையலுக்குள் ஒன்றரை அங்குலத் துணி வெட்டப்படாமல் மடிந்து கிடந்தது. ரங்கூன் தையற்காரர் விட்டுவைத்தது. 1967இல் பிரித்தவரும் அதை வெட்டாமல் அப்படியே மடித்துத் தைத்திருக்கிறார். அணிபவர் பருத்தால் பிரித்துக்கொள்ளட்டும் என்று, முகம் தெரியாத எவருக்கோ இருவர் அடுத்தடுத்து விட்டுச் சென்ற இடம் அது. மாஸ்டரும் இடுப்பைப் பிடித்தபோது அதை வெட்டவில்லை. ஆயத்த ஆடைகளின் தையலைப் பிரித்துப் பார்த்தால் இந்த இடம் இருப்பதில்லை. பழைய உடையைப் புதுக்குவது பற்றி எங்களுக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்: எதைக் குறைத்தாலும் அந்த ஒன்றரை அங்குலத்தைக் குறைக்காதீர்கள்.

ஆவணியில் வரவேற்பு நடந்தது. இளையவர் வெள்ளை வேட்டியின் மேல் கோட்டை அணிந்து வாசலில் நின்றார். தோள் இறங்கியிருந்தது; கட்டங்கள் அப்படியே இருந்தன. கல்லூரியில் படிக்கும் பையன்கள் இரண்டு பேர் வந்து, எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்கள். அம்மா தூரத்தில் நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருமுறை அருகே அழைத்து, வலப்பக்கப் பையைத் தடவி நேராக்கிவிட்டார்.

அன்றிரவு உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் படங்களைப் போட்டோம். சிறிது நேரத்தில் திருமங்கலத்திலிருந்து சித்தி மகன் கேட்டான்: “படம் திரும்பி விழுந்திருக்கா அண்ணே? பை வலப்பக்கம் இருக்கே?”

இல்லை, சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதி அனுப்பினோம்.